வாடகை வீடும் உள்ளிருக்கும் சாமானும்



இராஜபாளையத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட நம்மில் பலருக்கு ஆசை. கட்டில், ஃபேன், கீசர் போட்டுக் கொடுத்தால் வாடகை கூடும். காலி பண்ணும்போது சண்டையும் கூடும். "இது முன்னாடியே உடைஞ்சுதான் இருந்துச்சு" என்பார் குடியிருந்தவர். அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வார் வீட்டுக்காரர்.

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பிலிருக்கும் தமிழக வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் வயரிங், வெள்ளையடிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. கீசர், சுவிட்ச், குழாய் வாஷர் பழுது குடியிருப்பவர் பொறுப்பு.

ஆனால் பழைய கீசரை மாட்டிவிட்டு, ரிப்பேர் செலவை அவர் தலையில் கட்டுவது நியாயமா? ஆகவே சாமான், எண்ணிக்கை, வாங்கிய வருஷம், இப்போதைய நிலை எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தேய்மானம் நம் கணக்கு, உடைச்சது அவர் கணக்கு என்றும் எழுதிடுங்க. சாவியோடு பட்டியலையும் கொடுங்கள், மனஸ்தாபம் வராது.