படகுல ஏறின கேமரா: 2014 காஷ்மீர் வெள்ளமும் ராணுவமும்

இன்னைக்கு 2014 செப்டம்பர்ல காஷ்மீர்ல வந்த வெள்ளத்தைப் பத்திப் பேசப்போறோம். சரியா சொன்னா, அந்த வெள்ளத்துல நடந்த மீட்புப் பணியை நம்ம டிவி எப்படிக் காட்டுச்சு, உயிர் பிழைச்ச காஷ்மீரிகள் பலர் அதுக்கு ஏன் கோபப்பட்டாங்க, அதைப் பத்தி.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். செப்டம்பர் ஆரம்பத்துல சில நாள் விடாத மழை. ஜீலம் நதி கரையை உடைச்சு, 7-ஆம் தேதி ஸ்ரீநகருக்குள்ள புகுந்தது. ராஜ்பாக், ஜவஹர் நகர் மாதிரி வசதியான பகுதிகள்லயே ஜனங்க மாடியில மாட்டிக்கிட்டாங்க. தலைமைச் செயலகம், ஆஸ்பத்திரிகள், எல்லாம் தண்ணிக்குள்ள. கரண்ட் இல்லை, போன் இல்லை. அப்போ முதலமைச்சரா இருந்த உமர் அப்துல்லா, வெள்ளம் வந்த ஆரம்ப நேரத்துல தன்கிட்ட அரசாங்கமே இல்லைன்னு வெளிப்படையாவே ஒத்துக்கிட்டார்.

அந்த இடத்துலதான் ராணுவமும் விமானப்படையும் இறங்கினாங்க. ராணுவம் வச்ச பேர் ‘ஆபரேஷன் மேக் ராஹத்’. முப்படைகளும் தேசிய பேரிடர் மீட்புப் படையும் சேர்ந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை மீட்டதா அரசுக் கணக்கு. ஸ்ரீநகர்ல ராணுவம் இருக்குற பாதாமி பாக் கண்டோன்மென்ட்டுக்குள்ளயும் தண்ணி வந்துடுச்சு. அந்த நிலைமையிலதான் படகு ஓட்டினாங்க. அந்த உழைப்பு உண்மை. இந்த எபிசோடுல நான் சொல்லப்போற எதுவும் அதைக் குறைக்கிறதுக்கு இல்லை.

இப்போ கேமராவுக்கு வருவோம். ஸ்ரீநகரோட ரேடியோ நிலையமும் தூர்தர்ஷன் நிலையமும் வெள்ளத்துல முடங்கிப்போச்சு. உள்ளூர் பத்திரிகைகள் சில நாள் அச்சாகவே இல்லை. அதாவது, அந்த ஊர்க்காரங்க தங்களோட கதையைச் சொல்றதுக்கு இருந்த வழி எல்லாம் அடைஞ்சுபோன நேரம் அது. அப்போ கதை சொன்னது டெல்லியிலிருந்து போன செய்தியாளர்கள். அவங்க பெரும்பாலும் எதுல போனாங்க? ராணுவ ஹெலிகாப்டர்ல, ராணுவப் படகுல. வேற வண்டி ஏது அங்கே? இதுல சதி எதுவும் தேவையில்லைங்க. ராணுவப் படகுல உட்கார்ந்திருக்குற கேமராவுக்கு ராணுவம் நீட்டுற கை தெரியும், அதைப் பிடிக்கிற முகம் தெரியும். அடுத்த தெருவுல நடக்குறது தெரியாது.

அடுத்த தெருவுல என்ன நடந்துச்சு? ஸ்ரீநகரோட பழைய நகரத்துல, அங்கே டவுன்டவுன்னு சொல்வாங்க, பெரும்பகுதி தப்பிச்சுது. அங்கே இருந்த பசங்க தால் ஏரியிலிருந்து ஷிகாராக்களைத் தூக்கிட்டு வந்தாங்க. ஷிகாரான்னா டூரிஸ்ட்களை ஏத்துவாங்களே, அந்தப் படகு. அது கிடைக்காதவங்க டயர் ட்யூப், மரப்பலகை, கையில கிடைச்சதை வச்சு மிதவை கட்டினாங்க. மசூதிகள்லயும் குருத்வாராக்கள்லயும் சாப்பாடு போட்டாங்க. இந்த டவுன்டவுன் பசங்களைத்தான் நம்ம டிவி அதுக்கு முன்னாடி ‘கல்லெறியுற கூட்டம்’னு காட்டிட்டு இருந்தது. படகு தள்ளும்போது மட்டும் அவங்க ஃப்ரேம்ல அதிகமா வரலை.

இதைவிட வலிச்சது ஸ்டுடியோவுல நடந்த பேச்சு. பார்த்தீங்களா, இவங்க திட்டின ராணுவம்தான் இவங்களைக் காப்பாத்துது, இப்போவாவது புரியுதா, பிரிவினைவாதிகள் எங்கே போனாங்க... இந்தத் தொனி. யோசிச்சுப் பாருங்க, தொண்டை வரைக்கும் தண்ணியில நிக்கிற ஒருத்தர்கிட்ட நன்றிக்கு ரசீது கேட்கிற மாதிரி. அதுவும் அவர்கிட்ட நேரா கேட்கலை. அவர் வீட்டுல கரண்டே இல்லையே, டிவி எப்படிப் பார்ப்பார்? அந்தக் காட்சி மத்த ஊர்ல சோஃபாவுல உட்கார்ந்திருந்த நமக்காக ஓடுச்சு. வெளியூர்ல இருந்த சொந்தக்காரங்க பார்த்துட்டு அப்புறம் சொல்லித்தான் அங்கே பல பேருக்கு விஷயமே தெரிஞ்சுது.

இது நமக்குப் புரியாத கோபம் இல்லை. மறு வருஷம் டிசம்பர்ல சென்னை முழுகினப்போ, நிவாரணப் பொட்டலத்து மேல முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுறாங்கன்னு நாம எவ்வளவு கொதிச்சோம்? அரிசி நல்ல அரிசிதான். பிரச்சினை ஸ்டிக்கர்ல இருந்தது.

மீட்புப் படகுகள் மேலயும் ஹெலிகாப்டர்கள் மேலயும் கல் விழுந்ததாவும் செய்தி வந்தது. அதை நன்றிகெட்டத்தனம்னு சில சேனல்கள் முடிச்சு வச்சுட்டாங்க. ஆனா நாள்கணக்கா மாடியில குழந்தையோட நிக்கிறவன் தலைக்கு மேல ஹெலிகாப்டர் நிக்காம போகுது. டூரிஸ்ட்களையும் பெரிய ஆட்களையும்தான் முதல்ல ஏத்துறாங்கன்னு ஒரு பேச்சு பரவுது. அந்தப் பேச்சு முழுசா உண்மையா இல்லையாங்கிறது ஒரு பக்கம். அங்கே பலரும் அதை உடனே நம்பினாங்க பாருங்க, அதுலதான் முந்தின 25 வருஷம் இருக்கு. ஆயுதப் படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம் அங்கே 1990-லிருந்து அமல்ல இருந்தது. தினமும் செக்போஸ்ட்ல அடையாள அட்டையைக் காட்டச் சொன்ன அதே சீருடைதான் இப்போ கயிறு போடுது.

ராணுவத்தோட மோதல் இல்லாத இடத்துல இப்படி நடக்காதான்னு கேட்கலாம். நடந்துச்சு. 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்துக்கு இந்தியா ‘ஆபரேஷன் மைத்ரி’யோட வேகமா போனது. சில நாள்லயே ‘கோ ஹோம் இந்தியன் மீடியா’ன்னு ஹேஷ்டேக் ட்விட்டர்ல டிரெண்ட் ஆச்சு. மீடியாவைத்தான் கிளம்புன்னு சொன்னாங்க, ஹெலிகாப்டரை இல்லை. நேபாளிகள் ரெண்டையும் தெளிவா பிரிச்சுப் பார்த்தாங்க.

அப்போ நிவாரணத்தால நம்பிக்கை வரவே வராதா? வரும். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமே உதாரணம் இருக்கு. 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்துல பாகிஸ்தான் வசம் உள்ள காஷ்மீர்லயும் அதைச் சுத்தின பகுதிகள்லயும் 70,000-க்கும் மேல இறந்தாங்க. அமெரிக்க சினூக் ஹெலிகாப்டர்களும் பல நாட்டு டாக்டர்களும் மலைக் கிராமங்களுக்கே போனாங்க. நாலு வருஷம் கழிச்சு தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் வீடு வீடா சர்வே எடுத்தாங்க. நிலநடுக்கப் பிளவுக்குப் பக்கத்துல இருந்தவங்க, தள்ளி இருந்தவங்களைவிட வெளிநாட்டுக்காரங்களை அதிகமா நம்பினாங்க. அதுவும் பாகிஸ்தான்ல அமெரிக்கா மேல கடும் வெறுப்பு இருந்த காலம்.

ஆனா இதை அப்படியே ஸ்ரீநகருக்குக் கொண்டுவர முடியாது. அந்த டாக்டர்கள் வேலை முடிஞ்சதும் கிளம்பிட்டாங்க. இந்திய ராணுவம் கிளம்பலை. வெள்ளம் வடிஞ்சதும் பழையபடி செக்போஸ்டுக்குத் திரும்பிச்சு.

நவம்பர் 3, அதாவது வெள்ளம் வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை. பட்காம் மாவட்டம் சத்தர்காம்ல ஒரு கார் மேல வீரர்கள் சுட்டதுல ரெண்டு இளைஞர்கள் செத்தாங்க. வடக்குப் பிராந்தியத் தளபதியா இருந்த ஹூடா, இது தவறுதான்னு சில நாள்லயே பொதுவுல ஒத்துக்கிட்டார். காஷ்மீர்ல அது ரொம்ப அபூர்வம். என்னைக் கேட்டா, வெள்ளக் காட்சிகள் மொத்தத்தையும்விட அந்த ஒரு வாக்குமூலத்துக்கு மதிப்பு அதிகம். அதே மாசம் இன்னொரு செய்தியும் வந்தது: 2010-ல மச்சில்ல மூணு பேரைச் சுட்டுட்டு தீவிரவாதிகள்னு கணக்குக் காட்டின வழக்குல, ராணுவ நீதிமன்றம் ராணுவத்தினருக்கு ஆயுள் தண்டனை கொடுத்திருக்குன்னு. நம்பிக்கைக்கு ஒரு கதவு திறக்கற மாதிரி இருந்தது.

2017-ல ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அந்தத் தண்டனையை நிறுத்தி வச்சு, அஞ்சு பேருக்கு ஜாமீன் கொடுத்தது.