சமையலுக்குரிய தாவர வர்ணங்களும் அவற்றைப் பேணும் முறையும்
(ஓசூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இச்சபையில் கல்வியைக் குறித்தும் விவாகச் செலவைக் குறித்தும் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். இன்று யாம் அடுக்களையைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற முன்வந்துள்ளோம். இது அற்ப விஷயமென்று எண்ணலாகாது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் நம்மவருள் பலர் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கு உணவு சமைத்தனுப்பியும், மிட்டாய்க் கடை வைத்தும், மசாலைப் பொடி அரைத்து விற்றும் ஜீவனம் செய்கின்றனர். அவர்கள் போட்ட முதலும், அவர்களிடம் வாங்கியுண்போருடைய தேக சுகமும் இவ்விஷயத்தில் அடங்கியிருக்கின்றன.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்னும் சாயம் காணப்பட்டதால், தமிழ்நாட்டு அரசினர் அம்மிட்டாயின் விற்பனையைத் தடை செய்தனர். துணிக்கும் தாளுக்கும் ஏற்றுவதற்குரிய சாயம் அது, வயிற்றுக்குரியதன்று. அடுத்த மார்ச்சு மாதத்தில் கர்நாடக அரசினரும் பஞ்சு மிட்டாயில் அச்சாயத்தையும், கோபி மஞ்சூரியனில் செயற்கை வர்ணங்களையும் சேர்க்கலாகாதென ஆணையிட்டனர். ஜூஜூவாடியில் சமைத்ததை அத்திப்பள்ளியில் விற்கும் நம்மவர் இரண்டு ஆணைகளுக்கும் உட்பட்டவரே. அதன்பின் மஞ்சள், பீட்ரூட், ஜாப்ரா விதை முதலியவற்றின் வர்ணங்களைச் சிலர் நாடியுள்ளனர். மிகவும் நல்லதே. ஆனால், பழைய சாயத்தை வைத்திருந்த அதே ஜன்னலோரத்தில், அதே மூடியில்லாத டப்பாவில் இவற்றையும் வைப்பதைக் காண்கிறோம். ஆலைச் சாயம் நெடுங்காலம் கிடந்தாலும் எளிதில் கெடாது. தாவர வர்ணமோ உணவுப்பொருள். நெல்லையும் பருப்பையும் எவ்வாறு காப்போமோ, அவ்வாறே இதையும் காத்தல் வேண்டும்.

நமக்கு மஞ்சளே முதன்மையானது. தர்மபுரி, சேலம், ஈரோடு ஜில்லாக்களில் விளைவதாகையால் நமக்கு அது அண்டை வீட்டுப் பொருள். அதன் நிறத்துக்குக் காரணமானது குர்குமின் என்னும் சத்து. இது நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 6 பங்கு வரையில் கிழங்குக்குக் கிழங்கு வேறுபடும். இச்சத்துக்கு வெளிச்சமே பெருஞ் சத்துரு. கண்ணாடிப் புட்டியில் இட்டு வெயில் படும் இடத்தில் வைத்த மஞ்சள் தூள் நாளடைவில் வெளுத்துப்போவதைத் தாய்மார்கள் கண்டிருப்பர். வெளுத்த தூளை இரட்டிப்பாகப் போட்டுக் கறியைக் கசப்பாக்குவதைவிட, முதலிலேயே இருளான அலமாரியில், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வைப்பது சிக்கனமன்றோ?

சமையற்காரர் சிலர், மஞ்சளிட்ட மாவில் ஆப்பச் சோடா சேர்த்தவுடன் அது சிவந்துபோவதைக் கண்டு, மஞ்சளில் கலப்படமிருப்பதாகக் கடைக்காரரோடு சண்டையிடுகின்றனர். அது மஞ்சளின் இயல்பு. காரப்பொருள் சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும். புளிப்புச் சேர்ந்தால் மஞ்சளாகவே நிற்கும். நம் பாட்டிமார் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைத்ததும் இந்த இயல்பைக் கொண்டே. எண்ணெயில் இச்சத்து நன்றாகக் கரையும்; தண்ணீரில் கரைவது மிக அரிது. ஆதலால் தாளிக்கும்போதே மஞ்சளைச் சேர்ப்பவருக்குக் குறைந்த தூளே போதும்.

ஈரமே அடுத்த பகை. ஓசூர் மேட்டுநிலம், மழைக்காலத்துப் பனியும் குளிரும் நமக்குப் புதியவையல்ல. வேகவைத்து உலர்த்திய விரலி மஞ்சள் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும்; அது கல்லீரலைக் கெடுப்பது, கொதிக்கவைத்தாலும் முற்றும் ஒழியாதது. ஆகையால் பூஞ்சணம் கண்ட மூட்டையைத் துடைத்து வெயிலில் காயவைத்து அரைத்துவிடலாம் என்னும் சிக்கனம் வேண்டாம், எறிந்துவிடுவதே தக்கது. மூட்டையைத் தரையில் இடாமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குக. வண்டு விழாமலிருக்க எறும்புப் பொடி தூவும் வழக்கம் அடியோடு ஒழியவேண்டும். ஈரக் கரண்டியைத் தூளில் விடுவதும் அவ்வாறே.

அரைவை மில் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. எந்தத் தாவரத்தின் நுண்தூளும் அடைத்த அறையின் காற்றில் அடர்ந்து பரவியிருக்கையில் ஒரு தீப்பொறி பட்டால் வெடித்தெரியக்கூடும். மஞ்சள் தூளும் அதற்கு விலக்கன்று. அரைக்குமிடத்தில் பீடிக்கும் அடுப்புக்கும் இடங்கொடாதீர். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தூளை அடிக்கடி பெருக்கி அள்ளுங்கள். வேலையாட்கள் மூக்கையும் வாயையும் மூடி வேலை செய்யச் செய்யுங்கள்.

பீட்ரூட்டின் சிவப்பு மஞ்சளைவிட மென்மையானது. அதிகச் சூடு, வெளிச்சம், காற்று இம்மூன்றாலும் பழுப்பேறும். எனவே அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்ப்பதே முறை. சிறிது எலுமிச்சைச் சாறு நிறம் நிற்க உதவும். பிழிந்த சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாட்களுக்குள் செலவிடுக. புளித்த வாசனை வந்தபின் நிறம் நன்றாயிருக்கிறதே என்று உபயோகித்தல் தகாது. கடையில் வாங்கும் வர்ணப் புட்டியில் மஞ்சட் சத்துக்கு 100, ஜாப்ராவுக்கு 160பி, பீட்ரூட்டுக்கு 162 என்னும் எண்கள் இருக்கும். வாங்குமுன் அவற்றையும் கெடு தேதியையும் பாருங்கள். திறந்த தேதியைப் புட்டியின்மேல் எழுதிவையுங்கள். இன்னுமொன்று: தாவர வர்ணமாயினும் அதை மிளகாய்த் தூளிலோ மஞ்சள் தூளிலோ சேர்த்து விற்பது சட்டவிரோதம். பொடி விற்போர் இதை மறக்கலாகாது.

நிற்க. மஞ்சளுக்கு நேர்ந்த ஒரு பெருங் கேட்டையும் சொல்லவேண்டும். பளபளப்புக்காக விரலி மஞ்சளின் மேல் ஈயக் குரோமேட்டு என்னும் பெயிண்டுச் சரக்கைப் பூசும் வழக்கம் வங்காள தேசத்தில் பரவியிருந்தது. 2019-ஆம் ஆண்டில் அங்குள்ள சந்தைகளில் எடுத்த மஞ்சளில் நூற்றுக்கு 47 பங்கில் அது காணப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அரசினர் கடுமையாக நின்று, வியாபாரிகளுக்கும் எடுத்துச் சொன்னமையால், 2021-ஆம் ஆண்டில் சந்தைச் சோதனையில் அத்தகைய மஞ்சள் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் இது நடந்தது! ஆனால் 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, பாட்னா முதலிய நகரங்களில் விற்ற மஞ்சளில் ஈயம் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. ஒரு தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டித் தூளையிட்டு, நீர் முழுவதும் கடுமஞ்சளாகிறதா என்று பார்க்கும் வீட்டுச் சோதனை, கரையும் சாயங்களுக்குப் பயன்படும். ஈயக் குரோமேட்டு நீரில் கரையாதாகையால், அதற்குப் பரிசோதனைச் சாலையே கதி. அளவுக்கு மீறிப் பளபளக்கும் விரலியை வாங்காமல், மங்கிய மேனியுள்ளதை வாங்கிக் கழுவி உலர்த்தி, நம் கண்முன் அரைத்துக்கொள்வது உத்தமம்.

கடைசியாக, நமது விவாக வீடுகளில் நடக்கும் ஒரு குழப்பம். பூஜைக்கென்று விற்கும் மஞ்சள் தூளும் குங்குமமும் உண்பதற்கென்று செய்யப்பட்டவையல்ல. அவற்றில் ஆலைச் சாயம் கலந்திருப்பதும் உண்டு. ஆனால் முகூர்த்த நாளின் அவசரத்தில், தாம்பூலத் தட்டினருகே கிடந்த பொட்டலம் பொங்கல் அண்டாவுக்கருகே வந்துவிடுகிறது. சமையற்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொட்டலங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆதலின் வரும் தை மாதத்து விவாகங்களுக்குச் சாமான் பட்டியல் எழுதுவோர், பூஜை மஞ்சளை ஒரு தாளிலும் சமையல் மஞ்சளை மற்றொரு தாளிலும் எழுதி, வெவ்வேறு பைகளில் கட்டி வாங்கி, முன்னதை மணவறைக்கும் பின்னதைச் சமையற்கட்டுக்கும் நேரே அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.