முடியாத பக்கம்

கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் மயிலாப்பூர் மாடவீதிக்கு வந்தால், தி.நகர் பேருந்து நிலையத்தில் நின்றால், குனிந்த தலைகள்தான்.

கைபேசி பார்ப்பதை ஏன் நிறுத்த முடியவில்லை? முன்பு இணையப் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. 2006-ல் அசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், தள்ளத் தள்ள நீண்டுகொண்டே போகும் பக்கத்தை உருவாக்கினார். பிறகு அதற்காக வருந்தினார். அடுத்து என்ன வருமோ என்ற எதிர்பார்ப்பே நம்மைப் பிடித்துவைக்கிறது. ஆகவே பிள்ளைகளைத் திட்டுவதில் பயனில்லை. தேவையற்ற அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். சார்ஜர் கூடத்திலேயே இருக்கட்டும், படுக்கையறையில் வேண்டாம். பெரியவர்கள் முதலில் செய்யவேண்டும். பிள்ளைகள் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

அப்படியும் தூக்கமோ படிப்போ கெட்டால் தயங்காதீர்கள். 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.