மடமை கட்டிய பாலம்

(டயகமவில் ஆற்றிய உரை)



டயகமவிலிருந்து தலவாக்கலை, அட்டன், கினிகத்தேனை வழியாகக் கீழிறங்கினால் கித்துல்கலை. அங்கே ஆற்றங்கரையில் சில சீமெந்து அடித்தளங்கள் கிடக்கின்றன. பாலம் இல்லை, பாலம் நின்ற இடம் உண்டு. அவ்விடத்தைக் காண வெளிநாட்டார் இன்றும் வந்துபோகின்றனர். 1957 மார்ச்சில், பிரதமர் பண்டாரநாயக்கா முன்னிலையில், ஓடும் ரயிலோடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட பாலம் அது. தகர்ப்பதற்கென்றே கட்டப்பட்டது. ஏழு ஆஸ்கார் பரிசுகளை வென்ற 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காக டேவிட் லீன் கட்டுவித்தார்.

நகைச்சுவைப் படம் என்று அதை எவரும் விளம்பரம் செய்ததில்லை. ஆயினும் கதையைக் கேளுங்கள். சிரிக்காமல் இருக்க முடிகிறதா பாருங்கள்.

ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலப் படையின் தலைவர் கர்னல் நிக்கல்சன். அதிகாரிகளும் கைவேலை செய்யவேண்டும் என்கிறான் சிறைக்காவலன் சைட்டோ. ஜெனீவா உடன்படிக்கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுகிறார் கர்னல். தகரக் கொட்டடியில் வெயிலில் வாட்டியும் பணியவில்லை. இறுதியில் சைட்டோ தோற்கிறான். ஆகா, வீரம் என்கிறோம். அடுத்த கணமே அந்த வீரர் செய்வதென்ன? எதிரியின் போர் ரயில் செல்ல, எதிரி கட்டியதைவிட உறுதியான பாலத்தைத் தம் சிப்பாய்களைக்கொண்டே கட்டத் தொடங்குகிறார்! வேலை பிந்துகிறது என்றதும் நோயாளிகள் கிடக்கும் குடிசைக்குள் நுழைந்து, இலகுவான வேலை செய்யலாமே என்று ஆள் பிடிக்கிறார். எதற்காக அதிகாரிகள் கைவேலை செய்யமாட்டார்கள் என்று உயிரைப் பணயம் வைத்தாரோ, அதே அதிகாரிகளையும் வேலைக்கு அனுப்புகிறார்.

காய்ச்சலில் கிடப்பவரைப் பிரட்டுக்கு அழைத்து, அரைப்பேராவது போடுகிறேன், எழுந்து வா என்னும் குரலை மலைநாட்டில் கேளாதவர் உண்டோ? ஆகவே கர்னலை நம் மக்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை.

பாலத்தைத் தகர்க்கத் தம் நாட்டு வீரர்களே வந்து வெடிக்கம்பி இழுத்திருப்பதை முதலில் கண்டுபிடிப்பவரும் அவரே; எதிரியை அழைத்துச் சென்று காட்டுபவரும் அவரே! அலெக் கின்னஸ் இப்பாத்திரத்தில் சற்று நகைச்சுவை கலக்க விரும்பினாராம், லீன் இணங்கவில்லை. இணங்காதது நன்று என்பது நம் கருத்து. இம்சை அரசன் 23ஆம் புலிகேசியாக 2006இல் வடிவேலு வந்தபோது, இவன் மடையன் என்று முதற் காட்சியிலேயே தெரிந்துவிட்டது, கவலையின்றிச் சிரித்தோம். கர்னலோ ஒழுக்கமுடையவர், நேர்மையாளர். அத்தகையவரின் மடமையே ஆளைக் கொல்லும்.

திரைக்கு வெளியிலும் ஒரு கூத்து நடந்தது. திரைக்கதை எழுதிய கார்ல் போர்மனும் மைக்கேல் வில்சனும் பொதுவுடைமையாளர் என்று அமெரிக்காவில் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். எனவே திரைக்கதைக்கான ஆஸ்கார், அதை எழுதாத பிரெஞ்சு நாவலாசிரியர் பியர் பூலுக்குப் போயிற்று! எழுதியவர்களுக்கு 1984இல்தான் வழங்கினார்கள். அப்போது இருவரும் உயிரோடு இல்லை.

சிரித்தது போதும் தோழர்களே. படம் காட்டாததைச் சொல்லவே வந்தோம்.

உண்மையான சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் உழைத்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கொடுமைதான். ஆனால் ஆசியத் தொழிலாளர்? மாண்டவர்கள் மட்டுமே ஏறத்தாழ 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள். உங்கள் பாட்டன்மாரைக் கங்காணி இந்த மலைக்கு அழைத்துவந்த அதே காலத்தில், அதே தமிழ்நாட்டிலிருந்து, வேறொரு கங்காணி கப்பலேற்றியவர்களின் மக்கள்!

நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லி அழைத்தார்கள். ஆள் போதவில்லை என்றதும் வலிந்து பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவை அடைத்து ரயிலேற்றியதும் நடந்ததென்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். கைதிகளுக்குத் தங்கள் படையின் மருத்துவர்களேனும் இருந்தனர், கட்டுப்பாடு இருந்தது, பெயர் எழுதிய ஏடு இருந்தது. தமிழனுக்கு ஏதுமில்லை. வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாக அழிந்தனர். நிக்கல்சன் நீட்டிய ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிக்குரியது. கூலிக்கு அதில் இடமேது?

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000, பெயர் பொறித்து, புல் வெட்டி, பூச்செடி வைத்து நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளர்க்கு அப்படியொரு பெயர் வரிசை இல்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்திலும் அவர்களைக் காணமுடியாது. வேடிக்கை என்னவென்றால், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, பெயர் இல்லாதவர்களாய் நிறுத்தப்பட்ட தோட்டத் தமிழர்கள் வாழ்ந்த மலைகளின் அடிவாரத்தில்தான் அப்படம் எடுக்கப்பட்டது.

உங்கள் லயங்களில் முதியவர்கள் இருப்பார்கள். அண்ணன் மலாயாவுக்குப் போனான், சித்தப்பன் போனான், பிறகு கடிதமில்லை என்று அவர்கள் வீட்டில் பேசக் கேட்டிருப்பீர்கள். அப்பெயரும், ஊர்ப்பெயரும் தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கருகே வாருங்கள். ஏடு கொண்டுவந்திருக்கிறோம், எழுதிக்கொள்வோம்.