சேர்க்கையும் சட்டமும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நம் பிள்ளைகட்குக் கத்தோலிக்கப் பள்ளியில் இடம் கிட்டாதபோது, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டை எடுத்துக்காட்டுகிறோம். அது அங்குச் செல்லாது. 2014 மே 6இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு விலக்களித்தது. (2025இல் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பை ஐயுற்றுத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பினர்.) நமக்குரிய துணை வேறு: அரசியலமைப்பின் 29(2)ஆம் உறுப்பு. அரசு மானியம் பெறும் எப்பள்ளியும் சாதி, சமயத்தை மட்டுமே காரணமாக்கி எவரையும் தள்ளலாகாது.

இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 இலட்சத்தில் 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித்துகள் என ஆயர் பேரவையே 2016இல் எழுதிற்று. எனில், அச்சிறுபான்மை உரிமை எவருடையது? திருச்சபையிலுள்ள நம் உறவினர் இதைப் பங்குத்தந்தையிடம் உரக்கவே கேட்கட்டும். மற்றையோர், மானியப் பள்ளியா என முதலில் விசாரியுங்கள்; வாய்மொழி மறுப்பை ஏற்காதீர், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் எழுதித்தரச் சங்கத்தில் நாம் இருக்கிறோம்.