லைசின் கணக்கில் அடங்காத அர்ஜினின்



கருத்தரங்கைத் தொடங்கி வைக்கும் இந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். அந்த நினைப்பே கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. கோழித் தீவனமும் நோய் எதிர்ப்பாற்றலும் என்பது பொதுத் தலைப்பு. மெத்தியோனின், திரியோனின், குடற்சளி, ரத்தக்கழிச்சல் எல்லாவற்றுக்கும் தனித்தனி அமர்வுகள் இருப்பதால், அவற்றை உரியவர்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்குப் பேச அர்ஜினின் போதும்.

நோய் கண்ட கோழிக்கு அமினோ அமிலங்களைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கிளாசிங்கும் பார்ன்ஸும் 1988இலேயே இதற்கு நேர்மாறாகக் காட்டினார்கள். எதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்ட குஞ்சின் வளர்ச்சி மட்டுப்படுகிறது. அதனால் லைசின், மெத்தியோனின் தேவையும் குறைகிறது. வெள்ளணுக்கள் எடுத்துக்கொள்ளும் லைசின் சிறு பங்குதான். நோயின்போது ஏற்படும் கூடுதல் லைசின் செலவில் பெரும்பகுதி, கல்லீரல் அவசரமாகச் சுரக்கும் புரதங்களுக்கே போகிறது. “லைசினைக் கூட்டுங்கள், எதிர்ப்பாற்றல் தானே கூடும்” என்று முன்பொரு மேடையில் அடித்துப் பேசிய நண்பர் முன்வரிசையில் இருக்கிறார். அவர் காட்டிய எடைக் கூடுதலை நான் மறுக்கவில்லை. எடை கூடினால் எதிர்ப்பாற்றலும் கூடியது என்று எப்படி முடிவு கட்டுவது?

அர்ஜினின் விஷயம் வேறு. கோழிக்கு யூரியா சுழற்சி முழுமையாக இல்லை. அர்ஜினினைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. சங், டீட்டர்ட் குழுவினர், கோழியின் மேக்ரோஃபேஜ்கள் என்னும் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்க அர்ஜினினையே நம்பியிருப்பதை 1991இல் எழுதினார்கள். நம் ஆய்வேடுகளில் அந்தக் கட்டுரையை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். வளர்ப்புத் தட்டில் இந்த அணுக்களை லிப்போபாலிசாக்கரைடால் தூண்டி, மறுநாள் ஊடகத்தில், நைட்ரிக் ஆக்சைடிலிருந்து வரும் நைட்ரைட்டைக் காட்டும் கிரீஸ் வினைபொருளை விட்டுப் பாருங்கள். அர்ஜினின் உள்ள குழிகள் இளஞ்சிவப்பாகும். இல்லாத குழிகளில் நிறம் ஏறாது.

“அட்டவணையில் 1.25 இருக்கிறதே, போதாதா?” என்று என் கட்டுரையை மதிப்பிட்ட ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994ஆம் ஆண்டு அட்டவணை, முதல் மூன்று வாரக் கறிக்கோழித் தீவனத்துக்கு அர்ஜினின் 1.25 விழுக்காடு, லைசின் 1.10 விழுக்காடு என்கிறது. அவை பெரும்பாலும் எடையையும் தீவன மாற்றுத்திறனையும் பார்த்து வந்த எண்கள். மேக்ரோஃபேஜை யாரும் கேட்கவில்லை.

லைசின் மிஞ்சினால் சிறுநீரகத்தில் அர்ஜினேஸ் கூடி அர்ஜினினைச் சிதைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சோயாப் புண்ணாக்கைக் குறைத்து, செயற்கை லைசினைச் சேர்த்துச் சிக்கனம் பண்ணும் தீவனத்தில் லைசின் கணக்கு நேராக நிற்கும். அர்ஜினின் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். பண்ணைக்காரர் எடையைப் பார்த்துத் திருப்தியடைவார்.

தட்டில் நடப்பது கோழிக்குள்ளும் நடக்குமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியது கோழிதான்; எடைத்தராசு அல்ல. எனவே கட்டுரை வாசிப்பவர்கள், தேவை இவ்வளவு என்று சொல்லும்போதே எதை அளந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: எடையா, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்குப் பின் கிடைத்த எதிர்ப்பொருள் அளவா, மேக்ரோஃபேஜ் தந்த நைட்ரைட்டா? அர்ஜினினைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே எண்ணைத் தராது என்பது என் வாதம். தரும் என்பவர்கள் தரவோடு வரட்டும், ஒப்புக்கொள்ளத் தயார். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.