குருதி யாருடையது?



1819இல் ஜான் போலிடோரியின் கதையில் பிரபு வேடம் பூண்ட இரத்தக் காட்டேரி, 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வழியே உலகப்புகழ் எய்தியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வுருவம் வணிக மேடைகளுக்குப் புறத்தே வளர்ந்த இரு இசைவகைகளுள் குடிபுகுந்தது. ஒன்று ஹார்ட்கோர் பங்க். மற்றொன்று பிளாக் மெட்டல். இவ்விரண்டும் கலந்த இடத்தில் அக்குறியீடு என்னவாயிற்று என்பதே இவ்வுரையின் பொருள்.

1982ஆம் ஆண்டு நோக்கத்தக்கது. பேய்ப்படங்களைப் பாடுபொருளாகக் கொண்ட நியூஜெர்சியின் மிஸ்ஃபிட்ஸ் குழு தன் முதல் முழுத்தட்டை அவ்வாண்டில் வெளியிட்டது. 'வாம்பைரா' என்னும் பாடல் அதில் உண்டு. இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் குழு போரின் கொடுமையை அதே ஆண்டில் பாடிற்று. வெனம் குழுவின் தட்டுத் தலைப்பே பின்னர்ப் 'பிளாக் மெட்டல்' என்னும் இசைவகைக்குப் பெயராயிற்று. பங்கின் விரைவும் மெட்டலின் இருளும் அன்று முதலே அண்டை வீட்டார் எனலாம்.

1983இல் ஸ்டாக்ஹோமில் தோன்றிய குழுவொன்று 'பாதோரி' எனப் பெயர் சூடிக்கொண்டது. ஹங்கேரியச் சீமாட்டி எலிசபெத் பாதோரி 1614இல் காவலில் இறந்தவர். அவர் கன்னியர் குருதியில் நீராடினார் என்னும் கதை அச்சேறியதோ 1729இல்தான். விசாரணைச் சாட்சியங்களில் குருதி நீராட்டு இல்லை. பணிப்பெண்கள் வதையுண்ட செய்தியே உண்டு. கதை வளர, வதையுண்ட பெண்கள் மறைந்தனர். சீமாட்டி மட்டுமே எஞ்சினார்.

நார்வேயின் டார்க்த்ரோன் குழு 1994இல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' இம்மரபின் உச்சம். நான்கு தடங்களே கொண்ட கருவியில் பதிவாகியது அது. முரசு ஒரே நடையில் விரைய, கிதார் நரம்புகள் ஓயாது அதிர, குரல் பாடுதலை விட்டுக் கீச்சிடுகிறது. எளிய கருவியின் இரைச்சலே இரவின் சூழலை எழுப்புகிறது. வறுமையை வடிவமாக்கிய திறம் இது.

ஆயினும் அத்தட்டின் எட்டுப் பாடல்களுள் நான்கின் வரிகளை எழுதியவர், கொலைக்கும் தேவாலய எரிப்புக்கும் அதே ஆண்டு தண்டனை பெற்ற வர்க் விகேர்னெஸ். முதற்பதிப்பின் பின்னுறையில் 'ஆரிய' என்னும் அடைமொழி அச்சாகியிருந்தது. பிற்பதிப்புகளில் அது நீக்கப்பட்டது. இரவைப் பாடிய கலை வெறுப்புக்கும் இடங்கொடுத்தமை மறைக்கத்தக்கதன்று.

இங்கேதான் பங்கின் பங்களிப்பு புலனாகிறது. டிஸ்சார்ஜின் பாடல்களில் சிந்தும் குருதி போரில் மாண்டோரின் குருதி. உவமானம் அங்கே உவமேயத்தைத் தொலைப்பதில்லை. 2006இல் டார்க்த்ரோன் குழுவே 'தி கல்ட் இஸ் அலைவ்' என்னும் தட்டில் பங்க் நடையை வெளிப்படையாக மேற்கொண்டது. 2019இல் பிலடெல்பியாவின் டெவில் மாஸ்டர் குழு இவ்விரு மரபையும் இணைத்துத் தன் முதல் முழுத்தட்டை அளித்தது.

ஒலி இணைவதால் மட்டும் பொருள் இணைந்துவிடாது. காட்டேரி யாருடைய குருதியைக் குடிக்கிறது என்று சொல்லாத பாட்டில் அது வெறும் ஒப்பனை. அவ்வொப்பனைக்குள் எவ்வெறுப்பும் ஒளிந்துகொள்ளலாம். வதையுண்டோர் பெயரை மறவாத பாட்டிலோ அது சான்று. குறியீட்டைக் கையாளும் கவிஞர் எவருக்கும் இவ்வெல்லை பொருந்தும்.